ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். டீக்கடையில் படித்தேன். மனசு கேட்காமல் தனியாக ஒரு பிரதி வாங்கிவந்து வீட்டில் மறுபடி படித்தேன். தமிழ் நாளிதழில் இந்த விஷயத்துக்கு ஒரு பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 'புதுப் பையன்களுக்கு அங்கே கொடுக்கும் கடும் பயிற்சி, குருவுக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் கடைசிவரை விசுவாசமாக இருப்பவர்களை உருவாக்குகிறது' என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அதோடு விடாமல், நம் விளையாட்டு விடுதிகளிலும் இதே முறையைக் கொண்டுவரலாம் என்று கடைசியில் ஒரு சிபாரிசு வேறு. அந்த வரி தப்பு. வரி தப்பென்றால் அதன் மேல் கட்டிய சிபாரிசும் நிற்காது.

நான் பயில்வான் இல்லை. அம்பத்தூரில் டை, மோல்டு செய்யும் பட்டறைக்காரன். 1997 முதல் 2001 வரை கவசாகியில் ஒரு மோல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். போன முதல் நாள் எங்கள் ஹன்ச்சோ (நம் ஊரில் சார்ஜ்ஹேண்ட் என்போமே, அந்த மாதிரி) என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தோவா? ஷின்!" என்று சொல்லிவிட்டு, வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு முறைப்பதுபோல நடித்துக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டைகர் ஜீத் சிங் என்று ஒரு பஞ்சாபி, கனடாவில் குடியேறியவர், தலைப்பாகையும் வாளுமாகக் கோதாவுக்கு வருகிறவர். அந்தத் தலைமுறை ஜப்பானியர்களுக்கு இந்தியா என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஆள் அவர்தான் என்பது அப்புறம் தெரிந்தது. 1973 நவம்பரில், மனைவியோடு கடைக்கு வந்திருந்த அந்தோனியோ இனோகியை ஷிஞ்சுகு இசெதான் கடை வாசலில், நடுத்தெருவில் வைத்து அடித்தவர். போலீஸ் வரைக்கும் போன விவகாரம். ஜப்பானியர் வாயில் அவர் பெயர் 'டைகர் ஜெட்டோ ஷின்'. நான் இருந்த நான்கு வருஷமும் பட்டறையில் எனக்கும் ஷின் என்றுதான் பெயர். கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பெயரால்தான் ஹன்ச்சோ எனக்கு நண்பரானார், மல்யுத்தமும் அவர் வழியாகவே வந்தது.

எங்கள் விடுதி தமா ஆற்றின் இந்தக் கரையில். அந்தக் கரையில் டோக்கியோவின் செதகாயா, அதில் நோகே என்ற இடம். 'நியூ ஜப்பான்' நிறுவனத்தின் பயிற்சிக் கூடம் அங்கேதான் இருக்கிறது. 1972-ல் கம்பெனி தொடங்கியபோது இனோகி தன் வீட்டு மனையிலேயே போட்ட கூடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபுதாகோ பாலம் தாண்டி அந்தப் பக்கம் சுற்றுவேன். தலையை ஒட்ட வெட்டிய பையன்கள், தலையைவிடக் கழுத்து பருத்தவர்கள், சைக்கிள் கூடையில் முட்டைக்கோஸும் தோஃபுவும் நீள நீளமான வெங்காயத்தாளுமாக வருவார்கள். எல்லாம் சாங்கோ சமைக்க. சாங்கோ என்பது சுமோக்காரர்களிடமிருந்து வந்த பெரிய சட்டிச் சமையல். கறி, மீன், காய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்க விடுவார்கள். சமைப்பது புதுப் பையன்களின் முறை. மூத்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சமைத்தவனுக்குச் சோறு.

ஒரு ஆகஸ்ட் மதியம், வெக்கை தாங்காமல் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே எண்ணும் சத்தம். நான் ரோட்டில் நின்று கேட்கத் தொடங்கியபோது முன்னூற்றுச் சொச்சம். தண்ணீர் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினேன், அறுநூறைத் தாண்டியிருந்தது. பஸ்கி. நம் பயில்வான்கள் தண்டாலும் பஸ்கியும் எடுப்பார்களே, அதே பஸ்கிதான். அங்கே அதற்கு 'ஹின்டு ஸ்குவாட்' என்று பெயர். கூடத்தில் சேருவதற்கான தேர்விலேயே 500 எடுத்தாக வேண்டும், சேர்ந்த பிறகு 1,000 என்பது சாதாரணம். நம் கர்லாக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு மரக்கட்டையும் அங்கே உண்டு, 'கொஷிதி' என்பார்கள். இனோகிக்கு வாத்தியாராக இருந்த கார்ல் காட்ச் என்ற வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்து பழக்கியது. "உங்க ஊர் சரக்குதானே, நீ எத்தனை எடுப்பே?" என்று மறுநாள் ஹன்ச்சோ கேட்டார். மதிய இடைவேளையில் எல்லோர் முன்னாலும் எடுத்தேன். நாற்பத்து இரண்டு. அடுத்த இரண்டு நாள் கழிப்பறையில் உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கட்டுரையாளரின் விசுவாசத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலை ஜப்பானில் நிலைநிறுத்தியவர் ரிகிதோசான். அவரை 'ஜப்பானிய வீரத்தின் தூய வடிவம்' என்கிறது கட்டுரை. அவர் பிறந்தது இன்றைய வட கொரியாவில். அந்த உண்மையை ஊருக்குச் சொல்லாமலே காலம் தள்ளிய மனிதர். 1954 பிப்ரவரியில் அவரும் ஜூடோ மேதை மசாஹிகோ கிமுராவும் ஒரே அணியாக நின்று அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களோடு மோதினார்கள். தெருமுனையில் வைத்திருந்த டிவி பெட்டிக்கு முன்னால் கூட்டம் அலைமோதியது. எங்கள் ஹன்ச்சோவுக்கு அப்போது ஐந்து வயது, அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். கிமுரா சாதாரண ஆள் இல்லை. 1951-ல் பிரேசிலுக்குப் போய் அங்கத்திய ஜியு-ஜிட்சு வீரர் எலியோ கிரேசியைக் கைப்பூட்டுப் போட்டுத் தோற்கடித்தவர். அந்தப் பூட்டுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க 'கிமுரா' என்றுதான் பெயர். அப்படிப்பட்டவர், கூட்டாளிக்குக் கைதட்டல் தனக்கு அடி என்றால் எத்தனை நாள் பொறுப்பார்? நிஜச் சண்டை என்றால் நான் தோற்க மாட்டேன் என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார். அதே வருஷம் டிசம்பர் 22-ல் குராமே அரங்கில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சமன் என்று பேசி வைத்திருந்தோம் என்பதுதான் கிமுரா கடைசிவரை சொன்னது. நடுவில் ரிகிதோசான் திடீரென்று நிஜமாகவே அடிக்க ஆரம்பித்தார். கிமுரா ரத்தத்தோடு கீழே கிடந்தார். பிப்ரவரியில் தோளோடு தோள், டிசம்பரில் இது. ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் முதல் வருஷக் கணக்கே துரோகத்தில்தான் முடிகிறது.

முடிவு முன்கூட்டியே பேசி வைப்பது என்று கட்டுரையாளர் ஏதோ கண்டுபிடித்ததுபோல எழுதியிருக்கிறார். பேசி வைப்பதுதான், யார் இல்லை என்றது? பேசி வைத்ததால்தான் அங்கே துரோகம் என்ற சொல்லுக்கு எடை. எதிராளி தன் கழுத்தை நம்பி உங்கள் கையில் கொடுத்திருக்கிறான். ஏமாற்றினால் ஏமாற்றியதுதான்.

ரிகிதோசானின் சிஷ்யர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜயன்ட் பாபா, யோமியூரி ஜயன்ட்ஸ் அணியில் பேஸ்பால் வீசியவர், 209 சென்டிமீட்டர் உயரம். இன்னொருவர் இனோகி. குடும்பத்தோடு பிரேசிலுக்குப் பிழைக்கப் போய்க் காப்பித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த பதினேழு வயதுப் பையனை ரிகிதோசான் அங்கே பார்த்துக் கையோடு கூட்டிவந்தார். இரண்டு பேரும் சேர்ந்தது 1960-ல். முதல் முறை கோதாவில் இறங்கியதும் ஒரே நாள், செப்டம்பர் 30. பாபா ஜெயித்தார், இனோகி தோற்றார். பாபா அடுத்த வருஷமே அமெரிக்காவுக்குப் போனார். இனோகி வாத்தியாரின் 'ட்சுகெபிதோ' ஆனார். பை தூக்குவது, முதுகு தேய்ப்பது, துணி துவைப்பது, செருப்பு எடுத்து வைப்பது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். காரணமே இல்லாமல் அடி வாங்கியதை இனோகி பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ரிகிதோசானை 1963 டிசம்பர் 8-ஆம் தேதி டோக்கியோவின் அகசகாவில் ஒரு இரவு விடுதியில் யாகுசா (ரவுடிக் கும்பல்) ஆள் ஒருவன் கத்தியால் குத்தினான். ஒரு வாரத்தில் செத்துப்போனார், 39 வயது.

பிறகு என்ன நடந்தது? 1966-ல், அமெரிக்காவிலிருந்து திரும்புகிற வழியில் ஹவாயில் வைத்து இன்னொருவர் பேசி மனதை மாற்ற, ரிகிதோசான் தொடங்கிய தாய்க் கம்பெனியை விட்டு இனோகி போனார். போன இடம் சில மாதங்களில் மூழ்கியது, 1967-ல் திரும்பி வந்தார். பாபாவோடு ஜோடி சேர்ந்து ஓஹோ என்று ஓடினார். 1971 டிசம்பரில் கம்பெனியைக் கைப்பற்றச் சதி செய்தார் என்று துரத்தப்பட்டார். 1972 தொடக்கத்தில் நியூ ஜப்பான் பிறந்தது. அதே வருஷம் அக்டோபரில் பாபாவும் கிளம்பிப் போய் 'ஆல் ஜப்பான்' தொடங்கினார். ரிகிதோசான் கட்டிய வீடு அடுத்த வருஷம் இடிந்து விழுந்தது. இரண்டு சிஷ்யர்களும் பங்கு போட்டுக்கொண்ட அந்த வீட்டின் நடுச்சுவர் 2000 வரைக்கும் நின்றது, 28 வருஷம்.

இனோகியின் சிஷ்யர்கள் மட்டும் என்ன? ரிகி சோஷு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர், இவரும் கொரிய வம்சாவளி. மெக்சிகோவிலிருந்து திரும்பிய கையோடு, 1982 அக்டோபர் 8-ஆம் தேதி கொராகுவென் ஹாலில், சொந்த அணிக்காரரான ஃபுஜினாமியோடு மோதிக்கொண்டார். 'நான் உனக்குக் கடிநாய் இல்லை' என்ற பேச்சு அவர் பேரில் நிலைத்துவிட்டது. சண்டை நாயைப் பழக்கும்போது, கடித்துப் பார்க்கட்டும் என்று முன்னால் விடுகிற நோஞ்சான் நாயைச் சொல்கிறார். ஜப்பானில் சம்பளக்காரன் ஒவ்வொருவனும் அந்தப் பேச்சைத் தன் பேச்சாக எடுத்துக்கொண்டான் என்பார் ஹன்ச்சோ. தினம் மேலதிகாரிக்காகக் கடி வாங்குகிறவன் அவன்தானே. சோஷு 1984-ல் ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு பாபா பக்கம் போனார், 1987-ல் திரும்பினார். அகிரா மயேதாவும் 1984-ல் போய் அப்புறம் திரும்பியவர்தான். திரும்பி வந்த இருவருக்கும் 1987 நவம்பர் 19-ல் ஆறுபேர் ஆட்டம் ஒன்று, பக்கத்துக்கு மூன்று பேர், இவர்கள் எதிரெதிர்ப் பக்கம். சோஷு இன்னொருவரைக் கால்பூட்டில் போட்டுக்கொண்டு, கையால் முகத்தை மறைக்க வழியில்லாமல் நிற்கிறார். மயேதா வந்து முகத்தில் உதைத்தார். கண்குழி எலும்பு முறிந்தது. இதையும் 'எழுதி வைத்த காட்சி' என்று உங்கள் கட்டுரை சேர்த்துவிட்டது. எழுதி வைத்த காட்சிக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவார்களா? 1988-ல் மயேதாவை நீக்கினார்கள்.

பெண்கள் பக்கமும் இதே கதைதான். 1985 ஆகஸ்டில் ஒசாகாவில், தோற்றவர் மொட்டை என்ற பந்தயத்தில் சிகுசா நாகாயோவை வீழ்த்தி, பள்ளிக்கூடப் பெண்கள் கதறக் கதற மொட்டை அடிக்க வைத்த டம்ப் மத்சுமோதோவும், அந்த சிகுசாவும், 1980-ல் ஒன்றாகச் சேர்ந்த ஒரே பேட்ச்.

பயிற்சியில் நல்லது எது, வெட்டி எது என்று பிரிக்காமல் மொத்தமாகப் புகழ்வதுதான் கட்டுரையின் கோளாறு. முதலில் நல்லது. அங்கே முதல் பாடம் விழுவது. 'உகெமி' என்பார்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு பரவலாகத் தரையில் பட, அதே கணத்தில் இரண்டு கையாலும் பாயை ஓங்கி அறைந்து விழ வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். ஜெயிப்பது எப்படி என்பதெல்லாம் பிறகு. நியூ ஜப்பானில் முதல் சில வருஷம் புதுப் பையன்களுக்கு 'யங் லயன்' என்று பேர். கறுப்பு ஜட்டி, கறுப்பு பூட்ஸ், தனிப் பாட்டு கிடையாது, பகட்டான பிடிகள் கிடையாது. எதிராளியைக் குப்புறப் புரட்டி, இரண்டு காலையும் பின்னால் மடக்கி உட்காரும் பழைய பூட்டில்தான் பெரும்பாலும் ஆட்டம் முடியும். இந்த நாலைந்து பிடியை வைத்துக்கொண்டு கூட்டத்தை எழுந்து நிற்க வைத்துவிட்டால் அப்புறம் அவனுக்கு எதைக் கொடுத்தாலும் ஓட்டுவான். அருமையான யோசனை. நான் ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்த இடத்தில், ஒரு வார்ப்பிரும்புக் கட்டியைக் கையில் கொடுத்து அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னார்கள். மூன்று வாரம். ரைட் ஆங்கிளை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை ஒளி தெரியக் கூடாது. இன்றைக்கும் கையில் இருக்கும் வித்தை அந்தக் கட்டி கொடுத்ததுதான்.

அதே ஃபோர்மேன் தன் ஸ்கூட்டரையும் என்னைக் கழுவ வைத்தார். டிபன் கேரியரைக் கழுவ வைத்தார். அடுக்கில் குழம்பு மிச்சம் ஒட்டியிருந்தால் ஸ்டீல் ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று போடுவார். அதில் நான் என்ன கற்றேன்? குழம்பு ஒட்டாமல் கழுவக் கற்றேன், அவரை வெறுக்கக் கற்றேன். சரி, முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன், அவர் கூட்டத்தை எப்படிப் பார்க்கிறார், எங்கே நிறுத்துகிறார், எப்போது கோபப்படுவதுபோல் நடிக்கிறார் என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிறான். இனோகி கூட்டத்தைக் கட்டிப்போட்ட விதம் ரிகிதோசானின் பையைத் தூக்கியபோது கற்றதாகத்தான் இருக்கும். ஆனால் பையைத் தூக்க அடி எதற்கு? நோகேயில் வாத்தியாராக இருந்த கொதெத்சு யமமோதோவுக்கு 'பேய் ஹவில்தார்' என்று பட்டப்பெயர். ராத்திரியோடு ராத்திரியாக மூட்டையைக் கட்டி ஓடுவதற்கு ஜப்பானிய மொழியில் 'யோநிகே' என்று ஒரு சொல்லே உண்டு, அந்தக் கூடங்களில் அன்றாடம் புழங்கிய சொல். ஓடிப்போனவர்களைக் கணக்கில் சேர்க்காமல், தங்கியவர்களை மட்டும் காட்டி 'பார், பயிற்சி எப்படி உருவாக்குகிறது' என்றால் எப்படி? 1995-ல் ஒரு பயிற்சிப் பையன் அந்தக் கூடத்திலேயே, பயிற்சியில் இறந்தும் போயிருக்கிறான்.

இனி மிசாவா, கவடா. கட்டுரையில் இவர்கள் பெயரே இல்லை. என்னைக் கேட்டால் பாதிப் பக்கம் இவர்களுக்குப் போயிருக்க வேண்டும்.

மித்சுஹாரு மிசாவாவும் தொஷியாகி கவடாவும் தொச்சிகி மாவட்டத்தில் ஒரே உயர்நிலைப் பள்ளி, ஒரே மல்யுத்தக் குழு. மிசாவா ஒரு வருஷம் சீனியர். மிசாவா 1981-ல் பாபாவின் ஆல் ஜப்பானில் இறங்கினார், அடுத்த வருஷம் கவடா பின்னாலேயே வந்தார். (ரிகிதோசானைக் குத்திய அதே 1963 டிசம்பர் 8-ஆம் தேதிதான் கவடா பிறந்த நாள். ஹன்ச்சோ இதை ஏதோ ஜாதகப் பலன் மாதிரி சொல்வார்.) மிசாவாவுக்குப் புலி முகமூடி மாட்டி 'டைகர் மாஸ்க்' ஆக்கினார்கள். 1990-ல் ஜெனிசிரோ தென்ரியூ என்ற பெரிய தலை, கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் பணம் போட்ட புதுக் கம்பெனிக்குத் தாவிவிட்டார், ஆல் ஜப்பான் ஆடிப்போயிருந்தது. அந்த மே 14-ஆம் தேதி ஜோடி ஆட்டத்தின் நடுவில், மிசாவா தன் கூட்டாளி பக்கம் முதுகைத் திருப்பி, முகமூடியின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தது கவடா. ஹன்ச்சோ வீட்டு வீடியோ கேசட்டில் இந்த இடம் தேய்ந்து கோடு கோடாக ஓடும். பூட்ஸ் கயிறு மாதிரி பின்னந்தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறு. அவசரமாக விரல்கள் அதை இழுக்கின்றன. முகமூடி பறக்கிறது. ஒரு மாதம் ஆவதற்குள், ஜூன் 8-ஆம் தேதி, டோக்கியோவின் புடோகான் அரங்கில் கம்பெனியின் முதல் நிலை வீரர் ஜம்போ த்சுருதாவை வீழ்த்தி மிசாவா பெரிய ஆளாகிவிட்டார்.

கயிறு அவிழ்த்தவர் அதற்குப் பிறகு பத்து வருஷம் அவரைத் துரத்தினார். 1993-ல் ஜோடியைப் பிரித்து எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். 1994 ஜூன் 3, புடோகான், முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல்: மிசாவா முழங்கையால் அடிக்க, கவடா காலால் உதைக்க, கடைசியில் மிசாவா. 1998 மே 1-ஆம் தேதி டோக்கியோ டோமில் ஹன்ச்சோவோடு நானும் இருந்தேன். மேல் வரிசை, கோதா தீப்பெட்டி அளவு. ஆளைப் பெயர் சொல்லி அறிவிக்கும்போது வண்ணக் காகிதச் சுருள்கள் நான்கு பக்கமிருந்தும் பறந்து வந்து விழும். விழுந்த மறு நிமிஷம் புதுப் பையன்கள் கயிற்றுக்குள் புகுந்து, அள்ளி, நெஞ்சோடு சுருட்டிக்கொண்டு மறைவார்கள். மணி அடிக்கும்போது ஒரு துண்டுக் காகிதம் தரையில் இருக்காது. நான் ஆட்டத்தைவிட அதைத்தான் முதலில் பார்த்தேன், பட்டறைக் கண். அன்றைக்குக் கவடா, மிசாவாவிடமிருந்து முதல்முறையாக, ஆல் ஜப்பானின் உச்சப் பட்டமான டிரிபிள் கிரவுனைப் பறித்தார். பக்கத்து சீட்டில் கழுத்தில் டை கட்டிய மனிதர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாபா 1999 ஜனவரியில் இறந்தார். மிசாவா தலைவரானார். பங்குகள் பாபாவின் மனைவி கையில் இருந்தன, இருவருக்கும் ஒத்துவரவில்லை. 2000 ஜூனில் மிசாவா வெளியேறினார். உள்ளூர் வீரர்கள் 26 பேரில் 24 பேர் அவரோடு போனார்கள், 'நோவா' என்ற கம்பெனி தொடங்கினார்கள். தங்கியவர்கள் இரண்டே பேர், மசநோபு ஃபுசியும் கவடாவும். ஏன் தங்கினார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அடுத்த மாதமே, பத்து வருஷத்துக்கு முன் தாவிப்போன அதே தென்ரியூ கைகொடுக்கத் திரும்பி வந்தார். 28 வருஷச் சுவர் இடிந்து, அக்டோபரில் நியூ ஜப்பான் மேடையிலேயே கவடா நின்றார். அப்போது எங்கள் பட்டறையில் இரண்டு கட்சி. 'மிசாவா துரோகி' என்றது ஒரு லேத். 'எல்லோரையும் பட்டினி போடாமல் கூட்டிக்கொண்டு போனவன் துரோகியா?' என்றது மற்ற லேத். ஹன்ச்சோ இரண்டிலும் சேரவில்லை. "ரெண்டு பேரும் ஒரே சட்டியில சாப்பிட்டவங்க, நாம யாரு பேச" என்று சொல்லிவிட்டு மைக்ரோமீட்டரைத் துடைத்தார்.

2009 ஜூன் 13, ஹிரோஷிமா. பின்னால் தூக்கி எறியும் ஒரு சாதாரண வீச்சு, மிசாவா ஆயிரம் தடவை வாங்கியிருக்கக் கூடியது. விழுந்தவர் எழவில்லை. அன்றிரவே இறந்தார். 47 வயதாக ஐந்து நாள் பாக்கி. விழுவதில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று பேர் எடுத்தவர். ஹன்ச்சோ போன் செய்தபோது நான் ஷிஃப்டில் இருந்தேன். "ஷின்" என்று கூப்பிட்டார், அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. ஜப்பானிலிருந்து திரும்பி, நான் அப்ரண்டிஸாக இருந்த அதே பட்டறையில் மறுபடி சேர்ந்தேன். 2004-ல் வெளியே வந்தேன், தனியாக இல்லை, மூன்று பையன்களைக் கூட்டிக்கொண்டு. வாடகை ஷெட், இரண்டு பழைய மெஷின். முதலாளி எனக்கு விசா வாங்க நாயாக அலைந்தவர். அவர் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. என்னோடு ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் மட்டும் வரவில்லை. "நீ போ, நான் இருக்கேன்" என்றான். அதற்குமேல் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழு வருஷம் பேச்சு இல்லை. 2011-ல் முதலாளி இறந்தபோது மாலையோடு போய் வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அவன்தான் வந்து மாலையைக் கையிலிருந்து வாங்கி, முன்னால் நடந்துபோய், அவர் காலடியில் நூல் சிக்கில்லாமல் பிரித்து வைத்தான். திரும்பி வந்து, "மெஷினெல்லாம் எப்படி ஓடுது?" என்றான்.

ஸ்கேலால் அடி வாங்கியதால் அவன் தங்கினான், நான் போனேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அடி இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கேல்தான்.

நம் விடுதிகளுக்கு எதையாவது கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் உகெமியைக் கொண்டுவாருங்கள். கபடி ஆடும் பையன்களுக்கும் கைப்பந்துப் பிள்ளைகளுக்கும் விழத் தெரியவில்லை, வருஷத்துக்கு எத்தனை தோள்பட்டை, எத்தனை மணிக்கட்டு போகிறது என்று அந்த வார்டன்களையே கேளுங்கள். டிபன் கேரியர் கழுவ வைப்பது ஏற்கெனவே அங்கே உண்டு, அதை ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டாம்.

2014 நவம்பரில் மெஷின் டூல் கண்காட்சிக்காக டோக்கியோ போனபோது, செதகாயாவில் செய்ஜோ பக்கம் கவடா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். 'மென்ஜராஸ் கே' என்று பெயர். கோதாவில் அவருக்கு 'டேஞ்சரஸ் கே' என்று பட்டம், ஜப்பானியத்தில் அது 'தென்ஜராஸ்' ஆகும். 'தென்'னை எடுத்துவிட்டு நூடுல்ஸுக்கான 'மென்'னை வைத்துவிட்டார். பொரித்த கோழியும் ராமெனும் சாப்பிட்டேன். அவரே சமைக்கிறார். மிசாவாவின் முகமூடிக் கயிற்றை அவிழ்த்த கை, எண்ணெயிலிருந்து கோழித் துண்டுகளை வடித்தெடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, தட்டில் வைத்தது. ஒன்றும் பேசவில்லை, பேச எனக்கு என்ன இருக்கிறது? 'நன்றாக இருந்தது' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து நண்பனிடம் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "கடையில மிசாவா போட்டோ இருந்துச்சா?" நான் சுவரையே பார்க்கவில்லை. அடுத்த தடவை போகும்போது பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறான்.

பி.கு.: கட்டுரையோடு போட்ட படத்தில் சிவப்பு ஜட்டியோடு நெடுநெடுவென்று நிற்பவர் பாபா. 'இனோகி' என்று கீழே அச்சாகியிருக்கிறது. இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை, ஆனாலும் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மு. ரா.,
அம்பத்தூர்.